ரோமானியக் கவிஞர் ஹொரேஸ்: உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

கேள்வி: சார், ஹொரேஸ் வசதியான வீட்டுப் பிள்ளையா?

பதில்: இல்லைங்க. தென் இத்தாலியில் வெனூசியா என்ற ஊரில் கி.மு. 65 டிசம்பரில் பிறந்தவர். அப்பா அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். ஏலத்தில் பணம் வசூலிக்கும் வேலை, கூடவே விளைச்சல் இல்லாத கொஞ்சம் நிலம். ஊர்ப் பள்ளிக்குப் படை அதிகாரிகளின் பிள்ளைகள் பையையும் பலகையையும் தோளில் மாட்டிக்கொண்டு போவார்கள். அந்த மனிதர் மகனை அங்கே சேர்க்காமல் நேரே ரோமுக்குக் கூட்டிப்போனார். வசதியான வீடுகளில் பிள்ளைக்குத் துணையாக ஓர் அடிமையை அனுப்புவார்கள், இவரோ ஒவ்வொரு ஆசிரியரிடமும் மகனோடு தானே போய் நின்றார். பெரிய ஆளான பிறகு, பெற்றோரை மறுபடி தேர்ந்தெடுக்கச் சொன்னாலும் எனக்கு இவர்களே போதும் என்று ஹொரேஸ் எழுதினார். எத்தனை தடவை படித்தாலும் அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும்.

கேள்வி: போர்க்களத்திலிருந்து ஓடிவந்தவர் என்கிறார்களே, உண்மையா அண்ணா?

பதில்: அவரே சொல்கிறார். ஏதென்ஸில் படித்துக்கொண்டிருந்தவர், ஜூலியஸ் சீசரைக் கொன்றவர்களில் ஒருவரான புரூட்டஸின் படையில் சேர்ந்தார், கி.மு. 42-இல் பிலிப்பியில் அந்தப் படை தோற்றது. கேடயத்தைப் போட்டுவிட்டு வந்தேன் என்று பாடியிருக்கிறார். பழைய கிரேக்கக் கவி ஆர்க்கிலோக்கஸும் இப்படிப் பாடியவர்தான், அதனால் அந்த மரபும் இதில் கலந்திருக்கும். திரும்பி வந்தால் அப்பாவின் நிலம் கையில் இல்லை. மன்னிப்புக் கிடைத்தது, அரசுக் கருவூலத்தில் எழுத்தர் வேலை பார்த்தார். அந்த வறுமைதான் என்னைக் கவிதை எழுதவைத்தது என்றும் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

கேள்வி: 'கார்பே தியெம்' என்றால் இன்றைக்கே ஜாலியாக இரு என்றுதானே அர்த்தம்?

பதில்: டி-ஷர்ட்டில் போட்டுப் போட்டு அப்படி ஆகிவிட்டது. 'நாளைப் பறி' என்று பொருள்படும் லத்தீன் சொற்கள், ஹொரேஸின் ஒரு பாட்டில் வருகின்றன. மொத்தம் எட்டே வரிப் பாட்டு அது. லூகோனோயே என்ற பெண், தனக்கு ஆயுள் எவ்வளவு என்று பாபிலோனிய ஜோசியக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வெளியே குளிர்காலம், அலை பாறையில் மோதுகிறது. ஜோசியம் பார்க்காதே, மதுவை வடிகட்டு, நீண்ட ஆசையைச் சுருக்கிக்கொள் என்கிறார். அந்தக் காலத்து மதுவில் மண்டி இருக்கும், வடிகட்டித்தான் குடிக்க வேண்டும். கையெதிரே இருக்கிற சின்ன வீட்டுவேலை அது. 'கார்பே' என்பது பழத்தையோ பூவையோ பறிக்கும் சொல். பழுத்ததைப் பதமாகப் பறிக்கிற பக்குவம் அதில் இருக்கிறது, அள்ளி அடைத்துக்கொள்கிற வெறி எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: ரோமப் பேரரசர் அகஸ்டஸுக்கு ஜால்ரா போட்டவர்தானே?

பதில்: புகழ்ந்தார், அதை மறைக்க வேண்டாம். கி.மு. 17-இல் அரசு விழாவுக்குப் பாட்டும் எழுதிக்கொடுத்தார். ஆனால் அகஸ்டஸ் தன் கடிதங்களை எழுதும் செயலாளராக வரச்சொல்லிக் கேட்டபோது முடியாது என்றுவிட்டாரே! சபைன் மலையில் அவருக்குப் பண்ணை கிடைக்கக் காரணமாக இருந்தவர், கவிஞர்களை ஆதரித்த செல்வந்தர் மைசீனஸ். அவரிடமும் அப்படித்தான். ஐந்து நாளில் வருகிறேன் என்று கிராமத்துக்குப் போனவர் ஆகஸ்ட் முழுக்க வரவில்லை. மைசீனஸுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு கதை சொல்கிறார்: ஒல்லியான நரி தானியக் குதிருக்குள் சந்து வழியாக நுழைந்து, தின்று கொழுத்து, வெளியே வரமுடியாமல் மாட்டிக்கொள்கிறது. இந்தக் கதை எனக்கும் பொருந்துமானால் வாங்கியதையெல்லாம் திருப்பித் தந்துவிடுகிறேன் என்கிறார். சோறு போடுகிறவரிடம் இதை மரியாதை குறையாமல், கையெழுத்துப் போட்டுச் சொல்ல எத்தனை பேரால் முடியும்?

கேள்வி: அப்புறம் நட்பு முறிந்துவிட்டதா?

பதில்: கடைசிவரை இருந்தது. நீ போகும் நாளில் நானும் வருவேன் என்று மைசீனஸுக்குப் பாடியிருந்தார். கி.மு. 8-இல் மைசீனஸ் இறந்தார். 59 நாள் கழித்து இவரும் போய்விட்டார். இருவர் கல்லறையும் ரோமின் எஸ்குவிலைன் குன்றில் பக்கத்தில் பக்கத்தில்.

கேள்வி: புதிதாகப் படிக்கிறவர்கள் எதில் தொடங்கலாம்?

பதில்: பாடல்களை முதலில் எடுக்காதீர்கள், புராணப் பெயர்கள் மலைக்கவைக்கும். அங்கதக் கவிதைகள் முதல் நூலில் ஆறாவது, அப்பாவைப் பற்றியது, அதைப் படியுங்கள். பிறகு இரண்டாம் நூலில் ஆறாவது. நகரத்து எலி, நாட்டுப்புறத்து எலி கதை அதில்தான் வருகிறது. அதற்கப்புறம் லூகோனோயே பாட்டுக்கு வாருங்கள், எட்டு வரிதானே, வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.