நாவலுக்காக ஒரு கற்பனை ஹவுசிங் போர்டு ஏரியா உருவாக்குகிறேன். அதன் ஐம்பது வருட வரலாற்றை நம்பும்படி எப்படி எழுதுவது?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டது இப்படி: வட சென்னையில் 'வாகை நகர்' என்று ஒரு கற்பனைக் குடியிருப்பு. இன்றைக்குப் பூச்சு உதிர்ந்து, கம்பி தெரிய நிற்கும் ப்ளாக்குகள். 1970-களில் அது எப்படி வந்தது, எப்படி இந்த நிலைக்கு ஆனது என்று ஒரு பின்கதை வேண்டும்.

அப்படிப்பட்ட ஒரு ப்ளாக்கின் மூன்றாம் மாடியில் வளர்ந்தவன் என்பதால் முதலில் ஒரு வேண்டுகோள். கத்தி, கஞ்சா, கேரம் போர்டு மூன்றையும் கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள். ரவுடிகள் வந்தார்கள், ஏரியா கெட்டது என்று தொடங்கினால் கதை இரண்டாம் அத்தியாயத்திலேயே படுத்துவிடும். வீடு யார் பெயரில், அடியில் இருக்கும் நிலம் யாருடையது, மொட்டை மாடித் தொட்டி ஒழுகினால் யார் செலவு செய்ய வேண்டும்: இந்த மூன்றையும் முடிவு செய்யுங்கள். மீதி வரலாறு அதிலிருந்தே கிளம்பும்.

அதற்கு முன்னால் ஒரு சின்னத் திருத்தம். நாங்கள் எல்லாவற்றையும் 'ஹவுசிங் போர்டு' என்றுதான் சொல்வோம். ஆனால் வீட்டு வசதி வாரியம் வேறு, குடிசை மாற்று வாரியம் வேறு. முன்னது மாதச் சம்பளக்காரருக்கு மனையும் வீடும் விற்கும் அமைப்பு. உங்கள் வாகை நகர் பின்னது கட்டியதாகத்தான் இருக்க முடியும். பாத்திரங்கள் பேச்சில் 'போர்டு வீடு' என்றே சொல்லட்டும், வரும் கடிதத்தின் தலைப்பில் மட்டும் சரியான பெயர் இருக்கட்டும்.

கதையைக் குடிசைகளிலிருந்து தொடங்குங்கள். கூவம், பக்கிங்ஹாம் கால்வாய், ரயில் தண்டவாளம், துறைமுகம், கடற்கரை என்று வேலை கிடைக்கும் இடத்துக்கு நடந்து போகிற தூரத்தில்தான் குடிசைகள் இருந்தன. கோடையில் ஒரு கூரை பற்றினால் வரிசையே போய்விடும். 1967-இல் தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. 1970-இல் குடிசை மாற்று வாரியம் வந்தது, அடுத்த வருடம் அதற்கான சட்டம். 'ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்' என்பதுதான் வாரியத்தின் முழக்கம். எங்கள் ஏரியாவில் அந்த வரியைப் படித்து எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்ட பிள்ளைகளும் உண்டு.

அன்றைய திட்டத்தில் உருப்படியான ஒரு விஷயம் இருந்தது. இருந்த இடத்திலேயே வீடு. மீனவருக்குக் கடலோரத்தில், துறைமுகக் கூலிக்குத் துறைமுகம் பக்கத்தில். மனிதாபிமானம் பாதி, ஓட்டுக் கணக்கு பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். காரணம் எதுவானாலும் வேலை கைவிட்டுப் போகவில்லை. பின்னால் வந்த அரசுகள் இந்த ஒன்றைத்தான் முதலில் கைவிட்டன.

வாகை நகரின் முதல் தகராறு கட்டடம் எழும்புவதற்கு முன்பே வர வேண்டும். கணக்கெடுப்பு நாளில். ஒரே குடிசையில் அம்மா, கல்யாணமான இரண்டு பிள்ளைகள் என்று மூன்று அடுப்பு எரியும். கணக்கில் அது ஒரு குடிசை, ஒரு வீடு. அன்றைக்குச் சாவு வீட்டுக்கு ஊருக்குப் போனவர் பட்டியலிலேயே இல்லை. பட்டியலில் விட்டுப்போனவர்கள் எங்கும் போய்விடவில்லை. ப்ளாக்குக்குப் பின்னால் கால்வாய் ஓரமாகத் திரும்பவும் குடிசை போட்டார்கள். நாவலில் இந்த இரண்டு கூட்டத்தையும் விட்டுவிடாதீர்கள், ஐம்பது வருடப் பகைக்கும் சம்பந்தத்துக்கும் இதுவே போதும்.

வீடு என்று பார்த்தால் தரைத்தளமும் அதன்மேல் மூன்று மாடியும். லிஃப்ட் கிடையாது. ஒரு அறை, சமையலுக்கு ஒரு மூலை, குளியலறை. எல்லாம் சேர்த்து இருநூற்றுச் சொச்சம் சதுர அடி. குடிசையிலிருந்து வந்தவர்களுக்கு அது மாளிகைதான், அதில் சந்தேகம் வேண்டாம். மழைக்கு ஒழுகாத கூரையும் பூட்டக்கூடிய கதவும் முதல் பத்து வருடம் பெரிய விஷயம். அந்தச் சந்தோஷத்தை எழுதாமல் நேரே சீரழிவுக்குப் போகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை.

அப்புறம் பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆகும். எங்கள் பக்கத்து வீட்டில் அறையின் குறுக்கே கயிறு கட்டிப் புடவை தொங்கவிட்டிருந்தார்கள். அந்தப் பக்கம் புதுசாகக் கட்டிக்கொண்டவர்கள், இந்தப் பக்கம் அம்மாவும் தங்கைகளும். ஆண்கள் எல்லோரும் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடி. மழை வந்தால் படிக்கட்டுத் திருப்பத்தில் உட்கார்ந்தபடியே தூக்கம்.

கீழ்வீட்டுக்காரர் கொடுத்துவைத்தவர், வாசலில் இடம் உண்டு. முதலில் கீற்றுப் பந்தல் போடுவார். அடுத்த தீபாவளிக்குள் அது ஆஸ்பெஸ்டாஸ் ஆகும், பிறகு செங்கல் சுவர், கடைசியில் இட்லிக் கடை. அந்த இட்லிக் கடை அடுப்புக்கு நேர் கீழேதான் ப்ளாக்கின் சாக்கடைத் தொட்டி மூடி இருக்கும். அடைத்துக்கொண்டால் திறக்க வழியில்லை. நான்கு தளக் கழிவும் கீழ்வீட்டுக் குளியலறை வழியாகவே மேலே வரும். யாரும் அயோக்கியர் இல்லை. பிழைக்கக் கடை போட்டார், அவ்வளவுதான். கட்டடம் நாறியதற்கு நான் பார்த்த முதல் காரணம் இது.

இரண்டாவது காரணம், சுவர் யாருடையது என்பது. பல இடங்களில் வீடுகள் மாதத் தவணை முறையில் ஒதுக்கப்பட்டவை. தவணையைக் கட்டி முடித்தால் கிரயப் பத்திரம் கிடைக்கும் என்று பேச்சு. ஆனால் அடியில் இருக்கும் நிலம் மாநகராட்சி, பொதுப்பணித் துறை என்று வேறு ஒருவர் பெயரில் இருக்கும். அது வாரியத்தின் பெயருக்கு மாறாமல் பத்திரம் போட முடியாது. தவணை கட்டி முடித்தவரும் பத்திரத்துக்காகக் கிழவனாகும் வரை காத்திருப்பார். கட்டாதவரும் அதே வீட்டில்தான் இருப்பார். அப்படியிருக்க அடுத்த மாதம் யார் கட்டுவார்கள்? ரிப்பேர் என்று போய் நின்றால் பேச்சு இப்படித்தான் நடக்கும்:

"சார், மேல்வீட்டு பைப்பு ஒழுகி எங்க சுவரே ஊறிப் போச்சு."

"வீடு உங்களுக்குக் குடுத்தாச்சும்மா. நீங்கதான் பாத்துக்கணும்."

"அப்ப பத்திரம் குடுங்க சார்."

"அது எப்படிம்மா, வீடு போர்டு பேர்ல இல்ல இருக்கு?"

எங்கள் ப்ளாக்கில் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் குழாய் ஒழுகிய விரிசலில் ஓர் அரசங்கன்று முளைத்தது. நான் பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் அதன் வேர் உள்பக்கச் சுவரில் வந்து தெரிந்தது. பிடுங்கினால் பாவம் என்றார் ஒருவர், கயிறு கட்டி இறங்கினால்தான் கை எட்டும் என்றார் இன்னொருவர். அது முளைத்த இடம் எந்த வீட்டுக் கணக்கிலும் இல்லை என்பதுதான் நிஜமான தடை.

இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் ப்ரூயிட்-ஐகோ என்று 33 கட்டடங்கள், ஒவ்வொன்றும் 11 மாடி. 1950-களின் நடுவில் கட்டி முடித்து, 1972-இல் இடிக்கவே தொடங்கிவிட்டார்கள். செலவை மிச்சம் பிடிக்க லிஃப்டை எல்லா மாடியிலும் நிறுத்தாமல் விட்டிருந்தார்கள். பராமரிப்புக்கான பணம் குடியிருப்பவர் கட்டும் வாடகையிலிருந்துதான் வர வேண்டும் என்று ஏற்பாடு. நகரத்தில் வேலையும் ஜனமும் குறைந்தன, வீடுகள் காலியாயின, வாடகை குறைந்தது, ரிப்பேர் நின்றது, இன்னும் பல வீடுகள் காலியாயின. கட்டடக் கலையைத் திட்டி நிறைய எழுதினார்கள். எனக்கென்னவோ வரவு செலவுப் புத்தகத்தைத் திட்டியிருக்க வேண்டும் என்று தோன்றும்.

உள்ளூரிலேயே இதற்கு எதிர்ப்பக்கம் ஒன்று உண்டு, உங்கள் நாவலில் யாராவது ஒரு சொந்தக்காரரை அங்கே குடிவைக்கலாம். 1970-களின் பிற்பகுதியில் உலக வங்கிப் பணத்தோடு வேறு ஒரு திட்டம் வந்தது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் பக்கம் வீடாகக் கொடுக்காமல் மனையாகப் பிரித்து, தண்ணீர், சாக்கடை, சாலை வசதி செய்து கொடுத்தார்கள். வீட்டை அவரவர் வசதிக்கு ஏற்பக் கட்டிக்கொள்ள வேண்டும். இன்று அரும்பாக்கம் எம்.எம்.டி.ஏ. காலனியில் போய் நின்றால் மற்ற நடுத்தரத் தெருக்களிலிருந்து வித்தியாசம் தெரியாது. அங்கே மாடி கட்டியவர் தன் சுவர் என்று நம்பிக் கட்டினார். எல்லாரும் ஏழைகளாகவே அங்கே தங்கினார்கள் என்று சொல்ல வரவில்லை, விற்றுவிட்டுப் போனவர்களும் உண்டு. ஆனால் விற்றபோது காசு கிடைத்தது.

வாகை நகரில் விற்பது எப்படி என்றால், ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி, இரண்டு சாட்சி வைத்து. வாரியத்தின் பதிவேட்டில் பழைய அலாட்டி, அதாவது முதலில் வீடு ஒதுக்கப்பட்டவர், பெயரே இருக்கும். இதற்கு ஒரு காலக்கட்டம் வேண்டுமென்றால் 1996-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பெரம்பூர் பின்னி மில் மூடிய வருடம். வட சென்னையில் மாதச் சம்பளம், பி.எஃப்., போனஸ் என்று வாழ்ந்த ஒரு தலைமுறை அதோடு முடிந்தது. கடன், மகள் கல்யாணம், ஆஸ்பத்திரி என்று வந்தபோது விற்க இருந்த ஒரே சொத்து இந்த வீடுதான். வாங்கினவர்களில் சிலர் வாடகைக்கு விட்டார்கள். வாடகைக்கு வந்தவர் தொட்டி கழுவக் காசு கேட்டால் "ஓனரைக் கேளு" என்பார். ஓனர் என்று ஒருவர் சட்டப்படி இல்லவே இல்லை.

தண்ணீரை இரண்டு வரியில் முடித்துவிடாதீர்கள். அடிபம்பிலிருந்து மூன்று மாடி ஏறிய குடங்கள் எங்கள் வீட்டுப் பெண்களின் இடுப்பிலும் முட்டியிலும் இன்றும் வலியாக இருக்கின்றன. 2003-04 வறட்சியும் 2019 வறட்சியும் கதைக்குள் வந்தே ஆக வேண்டும்: லாரி வரும் நேரம் தெரியாததால் வேலைக்குப் போகாமல் யார் வீட்டில் நின்றார்கள், அதனால் யார் வேலை போனது என்று.

அடுத்த திருப்பம் 2000. பழைய மகாபலிபுரம் சாலையில் துரைப்பாக்கத்தை ஒட்டிக் கண்ணகி நகர் உருவானது. பின்னர் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். 2004 சுனாமிக்குப் பிறகும் 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகும் நகரத்துக்குள் இருந்த குடும்பங்களை லாரியில் ஏற்றி அங்கே இறக்கினார்கள். உங்கள் ப்ளாக்குக்குப் பின்னால் கால்வாய் ஓரத்தில் இருந்த கூட்டம் நினைவிருக்கிறதல்லவா, அவர்களை இப்போது அனுப்புங்கள். பரீட்சைக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது அனுப்புங்கள், ஏனென்றால் நிஜத்திலும் படிக்கும் பிள்ளைகளைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. வீட்டு வேலை செய்த பெண்களுக்கு வேலை இருபது கிலோமீட்டர் தள்ளிப் போனது. புது விலாசத்தைச் சொன்னால் வேலை கிடைப்பதில்லை என்று இளைஞர்கள் விண்ணப்பத்தில் 'துரைப்பாக்கம்' என்று மட்டும் எழுதினார்கள். ஒரே அம்மன் கோயிலுக்குக் கூழ் ஊற்றிய இரண்டு கூட்டத்தில் ஒன்று ஊருக்குள்ளே, ஒன்று சதுப்பு நிலத்தின் ஓரத்தில். திருவிழாவுக்கு மட்டும் பேருந்து மாறி மாறி வருவார்கள்.

கடைசிப் பகுதிக்கு நிஜச் சம்பவம் ஒன்று இருக்கிறது. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் வாரியக் குடியிருப்பின் ஒரு பகுதி, 24 வீடுகள், இடிந்து விழுந்தது. விரிசலைக் கவனித்து முன்கூட்டியே வெளியேறியதால் உயிர்ச்சேதம் இல்லை. அது 1970-களில் கட்டியதுகூட இல்லை, 1990-களில் கட்டியது. அதற்குச் சில மாதம் முன்புதான் புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் புத்தம்புது அடுக்குமாடியில் கையால் தேய்த்தாலே சிமென்ட் பூச்சு உதிர்வதை மக்கள் டி.வி. கேமராவுக்குக் காட்டினார்கள். ஆகவே பழசானதால் இடிந்தது என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட முடியாது.

இப்போது பழைய ப்ளாக்குகளை இடித்துவிட்டு அதே இடத்தில் லிஃப்ட் வைத்து உயரமாகக் கட்டுகிறார்கள். உங்கள் நாவலின் முதல் அத்தியாயத்தை அங்கே வையுங்கள் என்பேன். இடிக்கும் முன் பட்டியல் எடுக்க அதிகாரி வருவார். இருபது வருடம் முன்பு விற்றுவிட்டுக் கும்மிடிப்பூண்டிக்குப் போன அலாட்டியின் மகன் ரேஷன் கார்டு நகலோடு வந்து நிற்பான். வாங்கினவர் கையில் மடிப்பில் கிழிந்த ஸ்டாம்ப் பேப்பர். வாடகைக்கு இருப்பவர் எதுவும் பேசாமல் சாமான் கட்டிக்கொண்டிருப்பார். யார் பக்கம் நியாயம் என்று நீங்களும் முடிவு சொல்லாதீர்கள், எனக்கே தெரியவில்லை.

இன்னொன்று. வாரியத்துக்கு 2021-இல் 'தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று பெயர் மாற்றினார்கள். அதற்கு முந்தைய அத்தியாயம் எதிலாவது இந்தப் பெயர்ப் பலகை வந்தால், எங்கள் ஏரியா வாசகர் புத்தகத்தை அந்தப் பக்கத்திலேயே மூடிவிடுவார்.