டூரிசத்தில் பிஎச்.டி.யா? ஊட்டி வேன் ஓட்டுநருக்கு ஒரு பதில்

வணக்கம் ஐயா. எம்.எஸ்சி. புவியியல் முடித்த மகள், சுற்றுலாவையும் பருவநிலை மாற்றத்தையும் சேர்த்து பிஎச்.டி. பண்ணப் போகிறேன் என்கிறாள். "இருபது வருஷமா டூரிஸ்ட் வேன் ஓட்டுறேன், இதுல ஆராய்ச்சி பண்ண என்ன இருக்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிறைய இருக்கிறது. 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு சீசனுக்கு, ஊட்டிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. மலை எத்தனை வண்டியைத் தாங்கும் என்று ஆராயும் வேலை ஐ.ஐ.டி. மெட்ராஸ், பெங்களூரு ஐ.ஐ.எம். பக்கம் போனது. அந்த மாதிரிக் கணக்குப் போடும் கூட்டத்தில்தான் உங்கள் மகள் சேர நினைக்கிறாள். வடகிழக்குப் பருவமழையில் தண்டவாளத்தில் மண் சரிந்து மலை ரயில் நின்றால் நஷ்டம் யார் தலையில் விழுகிறது, ஓட்டல்காரர் தலையிலா, உங்கள் தலையிலா? இதுவும் ஆராய்ச்சிக் கேள்விதான்.

எனக்குக் கவலை பாடத்தைப் பற்றி இல்லை, பணத்தைப் பற்றி. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வீட்டு வாடகைப்படி தனி. அது இல்லாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் 8,000தான். பல இடங்களில் அதுவும் கிடையாது. தேர்வு ஜூன், டிசம்பர் என்று வருடத்துக்கு இரண்டு முறை வருகிறது, பெண்களுக்கு 35 வயது வரை ஜே.ஆர்.எஃப். வாய்ப்பு உண்டு. எனவே ஒரு வருடம் உட்கார்ந்து படிக்கட்டும். "வீட்ல சும்மா இருக்கா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

இன்னொன்று. நெட் தேர்வில் புவியியல் தனிப் பாடம், சுற்றுலா நிர்வாகம் தனிப் பாடம். அவள் புவியியலிலேயே எழுதி, புவியியல் துறையிலேயே சேர்ந்து, தலைப்பை மட்டும் சுற்றுலாவாக வைத்துக்கொள்ளட்டும். சுற்றுலாவுக்கென்று தனித் துறை உள்ள கல்லூரிகள் நம் பக்கம் குறைவு. உதவிப் பேராசிரியர் வேலைக்கு முதலில் பார்ப்பது எம்.எஸ்சி. எந்தப் பாடம் என்பதைத்தான். அந்த வேலையும் சட்டென்று கிடைத்துவிடாது. கௌரவ விரிவுரையாளராகவே வருடங்களை ஓட்டுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். ஜி.ஐ.எஸ். என்ற கணினி வரைபட முறை, செயற்கைக்கோள் படம், மழைப் பதிவு இவற்றைக் கையாளத் தெரிந்திருந்தால், பேரிடர் மேலாண்மை, பருவநிலைத் திட்டங்கள் என்று கல்லூரிக்கு வெளியேயும் பிழைத்துக்கொள்ளலாம்.

பிஎச்.டி. வழிகாட்டியாக ஒரு பேராசிரியரைத் தேர்ந்தெடுக்கும் முன், அவரிடம் படித்து முடித்த இரண்டு பேரிடமாவது பேசச் சொல்லுங்கள். எத்தனை வருடத்தில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள், இந்த இரண்டு கேள்வி போதும்.

கடைசியாக உங்களிடம் ஒரு கேள்வி. பழைய டிரிப் நோட்டுகளை வைத்திருக்கிறீர்களா? எந்த மே மாதம் எத்தனை சவாரி, எந்த மழையில் பர்லியாறு பக்கம் ரோடு அடைத்து எத்தனை நாள் வண்டி நின்றது என்று எழுதியிருந்தால், அதைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். மகளுக்கு அது வேண்டியிருக்கும்.