“எனக்கு எந்த நோயும் இல்லை டாக்டர், ஆனால்…” – வேலைக்குப் போகும் கிராமத்து அம்மாக்களின் கேள்விகள்

இந்த மாதம் வந்த கேள்விகளில் நிறைய இப்படித்தான் தொடங்கின. அந்த ‘ஆனால்’-க்குப் பிறகு எழுதியிருந்ததை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நூல் மில்லில் வேலை. விடியற்காலை 5 மணிக்கே வேன் வந்துவிடும் என்பதால் மூன்றரைக்கு எழுந்து சமைக்கிறேன். சாயங்காலம் சின்ன விஷயத்துக்குக்கூட பிள்ளைகளை அடித்துவிடுகிறேன். அவர்கள் தூங்கிய பிறகு பக்கத்தில் உட்கார்ந்து அழுகிறேன். நான் கெட்ட அம்மாவா? (வேடசந்தூர் பக்கத்து வாசகி)

பதில்: இல்லவே இல்லை. ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள்? பதினொன்று என்றால் நாலரை மணி நேரம்தான் தூக்கம். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். தூக்கம் குறைந்தால் முதலில் போவது பொறுமைதான். கோபத்தை அடக்குங்கள் என்று உங்களுக்கு நான் சொல்லப்போவதில்லை. தூக்கத்தை எங்கிருந்து மீட்கலாம் என்று பார்ப்போம்.

பிள்ளைகள் அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்குள் படித்தால் காலை உணவுத் திட்டத்தில் உப்புமாவோ பொங்கலோ அங்கேயே கிடைக்கும், மதியம் சத்துணவும் உண்டு. ‘பள்ளிக்கூடத்தில் சாப்பிட்டால் ஊர் என்ன சொல்லும்’ என்று மூன்றரைக்கே அடுப்பைப் பற்றவைக்கும் அம்மாக்களை எனக்குத் தெரியும். ஊர் சொல்லிவிட்டுப் போகட்டும், நீங்கள் இன்னும் ஒரு மணி நேரம் தூங்குங்கள்.

அப்புறம், வேனை விட்டு இறங்கியதும் நேராக வீட்டுப்பாட நோட்டைப் பிரிக்காதீர்கள். எட்டு மணி நேரம் மெஷின் பக்கத்தில் நின்ற காதில் அந்த இரைச்சல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். முகம் கழுவி, எதையாவது சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் கால் மணி நேரம் உட்காருங்கள். அதையும் மீறி அடித்துவிட்டால், தூங்கும் பிள்ளையிடம் அழ வேண்டாம். விழித்திருக்கும்போதே “அம்மா அடிச்சது தப்பு” என்று சொல்லிவிடுங்கள். பிள்ளைகளுக்கு அது புரியும்.

கேள்வி: பீடி சுற்றுகிறேன். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே படபடப்பு. நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, எதிலும் பிடிப்பில்லை. வீட்டில் ‘எல்லாம் மனப்பிரமை’ என்கிறார்கள். (தென்காசி மாவட்ட வாசகி)

பதில்: மனசைப் பார்ப்பதற்கு முன் ரத்தத்தைப் பாருங்கள். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. நீங்கள் எழுதியிருப்பதெல்லாம் அதற்கும் பொருந்துகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் இலவசமாகப் பார்ப்பார்கள். 12-க்குக் கீழே இருந்தால் குறைவு. தைராய்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்தால் எண்ணிக்கை குறைந்துவிடும் என்று, மடியில் சுளகை வைத்துக்கொண்டே டீயில் மதியத்தை ஓட்டும் பழக்கம் பீடி சுற்றும் வீடுகளில் உண்டு. அந்த டீ, சாப்பாட்டில் இருக்கும் இரும்புச் சத்தை உடம்பில் சேர விடாது. பீடியில் வைக்கும் புகையிலைத் தூளில் இருக்கும் நிக்கோட்டினும் படபடப்பைக் கூட்டலாம். இரும்பு மாத்திரை கொடுத்தால் எலுமிச்சைச் சாறோடு போடுங்கள், டீக்கும் அதற்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். ரத்தம் ஏறிய பிறகும் பிடிப்பில்லாமல் இருந்தால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள். அப்போதும் அது பிரமை ஆகாது, அதற்கும் வைத்தியம் இருக்கிறது.

கேள்வி: குழந்தைக்கு 4 மாதம். களை எடுக்கப் போகிறேன். வேலையில் மார்பு கட்டிக்கொள்கிறது. காரணமில்லாமல் அழுகையும் வருகிறது.

பதில்: கிளம்பும் முன் கொதிக்கவைத்த பாத்திரத்தில் பாலைப் பீய்ச்சி மூடி, குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். 4 மணி நேரத்துக்குள் மாமியார் கரண்டியாலோ சங்காலோ ஊட்டலாம். பிரசவமான முதல் இரண்டு வாரம் அழுகை வருவது சகஜம். நாலு மாதத்திலும் விடாமல் இருந்தால் அது பேறுகாலத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். தடுப்பூசிக்குப் போகும்போது நர்சம்மாவிடம் இதையும் சொல்லுங்கள். பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மருந்துகள் இருக்கின்றன.

கேள்வி: மூன்று குழுக்களில் கடன். வசூலுக்கு வருபவர் ராத்திரி எட்டு மணி வரை வாசலில் உட்கார்ந்திருக்கிறார். சில நேரம், இருக்கவே வேண்டாம் என்று தோன்றுகிறது. (பெயர் வேண்டாம் என்ற வாசகி)

பதில்: அம்மா, உங்கள் கடைசி வரிக்குத்தான் முதல் பதில். 14416 என்ற எண்ணுக்கு இன்றைக்கே போன் போடுங்கள். டெலி மனஸ் என்ற அரசு சேவை அது. இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். உங்கள் அக்காவிடமோ பக்கத்து வீட்டிலோ ஒருவரிடமாவது இதை வாய்விட்டுச் சொல்லுங்கள். வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் எடுத்துப்போகச் சொல்லுங்கள். அந்த எண்ணம் ஏறிவந்து, கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். அந்த நேரத்தில் பூச்சிமருந்து கைக்கு எட்டக்கூடாது.

இனி கடன். 2022 ஏப்ரல் முதல் அமலில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதிப்படி, இந்தக் கடன்களுக்கு வசூல் செய்பவர் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் உங்களை அழைக்கவோ தொந்தரவு செய்யவோ கூடாது, மிரட்டக் கூடாது, கேவலமாகப் பேசக் கூடாது. குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி கடன் கொடுத்திருக்கவும் கூடாது. முதலில் கடன் கொடுத்த நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், விவரம் கேட்க 14448. குழுவில் நாலு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் இன்னும் நல்லது. மற்றவர்களும் உங்களைப் போலவே தூங்காமல்தான் இருப்பார்கள்.

கேள்வி: திருப்பூரில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊருக்கு வருகிறேன். என்னைப் பார்த்தாலே மனைவி எரிந்து விழுகிறார். பணம் சரியாகத்தான் கொடுக்கிறேன்.

பதில்: தம்பி, அவருக்கு ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போகிறது என்று யோசித்தீர்களா? வாரம் முழுக்கக் காட்டு வேலை. லீவு நாளில் கறிக்குழம்பு, உங்கள் அம்மா அப்பாவுக்குப் பணிவிடை, அதோடு நீங்கள் கொண்டுவரும் ஒரு வாரத்து அழுக்குத்துணி. இந்த வாரம் அந்தப் பையை அவரிடம் கொடுக்காதீர்கள். நீங்களே துவைத்துக் காயப்போட்டுவிட்டு, பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய் அவரை மதியம் தூங்க விடுங்கள். நாலு வாரம் செய்து பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.