கம்ப்யூட்டர் படிக்காதவர்களுக்குக் கோடிங் சொல்லிக்கொடுக்கும்போது, நல்ல பழக்கங்களை எப்போது ஆரம்பிக்கலாம்?

முதல் நாளே. "முதல்ல புரோகிராம் ஓடட்டும், பழக்கமெல்லாம் பிறகு" என்று சொல்கிறவர்களோடு எனக்குத் தீராத சண்டை.

தக்கலையில் சாயங்காலம் பைத்தான் என்ற கோடிங் மொழியைச் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்கள் பி.காம்., பி.ஏ. முடித்த பிள்ளைகள். உங்களிடம் வருபவர்களும் அப்படித்தான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

குலசேகரம் பக்கத்திலிருந்து தமிழ் இலக்கியம் படித்த ஒரு பிள்ளை வந்தாள். அப்பா ரப்பர் ஷீட் வாங்கி விற்பவர். அந்தக் கணக்கை அவளே புரோகிராமாக எழுதியிருந்தாள். விடை சரியாக வந்தது. ஆனால் வேரியபிள், அதாவது ஒரு மதிப்பைப் போட்டுவைக்கும் பெட்டி, அதன் பெயரெல்லாம் ஏ, பி, ஏ1, ஏ2. முன்பு காசு கட்டிப் படித்த இடத்தில் அப்படித்தான் எழுதிப் போட்டார்களாம். ஆர்.எஸ்.எஸ். 4 என்ற ரப்பர் ஷீட் கிரேடுக்கும், தரம் பிரிக்காத லாட்டுக்கும் தனித்தனி விலை போடச் சொல்லி அப்பா கேட்டதும் கை ஓடவில்லை. "சாரே, இதுல எது எடை, எது ஈரத்துக்குக் கழிச்சதுன்னு எனக்கே தெரியல்ல."

அப்பாவின் கணக்கு நோட்டைக் கொண்டுவரச் சொன்னேன். எடை, கழிவு, விலை, தொகை என்று ஒவ்வொரு பத்திக்கும் மேலே தலைப்பு இருந்தது. பைத்தான் 3-இல் வேரியபிளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். பெப் என்பது பைத்தானுக்கான முன்மொழிவு ஆவணம்; பெப் 3131 என்று 2007-இல் முன்மொழிந்து கொண்டுவந்த வசதி அது. 'தொகை = (எடை - கழிவு) * விலை' என்று மாற்றி எழுதினாள். வீட்டில் அப்பா அதை வாசித்துவிட்டு, "லாட்டுக்கும் அதே கழிவையே போட்டிருக்கியே" என்று பிடித்துவிட்டார். கோடிங் என்றால் என்னவென்றே அறியாத மனிதர்!

ஆபீஸில் தமிழ்ப் பெயர் எடுபடாது என்று சிலர் வருவார்கள். உங்கள் மொழி தெரியாத யாரும் வாசிக்கமாட்டார்கள் என்று 120 சதவீதம் உறுதியாக இருந்தாலொழிய கோடுக்கு நடுவே எழுதும் விளக்கக் குறிப்பை, அதாவது கமெண்டை, ஆங்கிலத்தில் எழுதச் சொல்கிறது பைத்தானின் எழுத்துநடை வழிகாட்டியான பெப் 8. அதுவும் தெரியும். வீட்டு ரப்பர் கணக்கை வேறு யார் வாசிக்கப் போகிறார்கள்? வேலைக்குப் போகும்போது பெயர்களை ஆங்கிலத்துக்கு மாற்றுவது பெரிய காரியமில்லை. அர்த்தமுள்ள பெயர் வைக்கிற கை ஆரம்பத்திலேயே பழகாவிட்டால், பிறகு பழக்குவதுதான் பெரும்பாடு.

அடுத்தது, எரர் வந்தால் கடைசி வரியை முதலில் சத்தமாக வாசிக்க வையுங்கள். என்ன தப்பு என்பது அங்கேதான் இருக்கும். எந்த வரியில் என்பது அதற்கு மேலே. ஆங்கிலத்துக்குப் பயந்து, எரரைப் பார்த்ததும் ஜன்னலையே மூடிவிடும் பிள்ளைகள் உண்டு. கோடில் செய்த மாற்றங்களைச் சேமித்துவைக்கும் கிட், சரியாக ஓடுகிறதா என்று சோதிக்கும் டெஸ்டிங் எல்லாம் மெதுவாக வரட்டும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இருட்டின பிறகு மலைப்பக்கம் போகிற பஸ் வந்தால் வந்தது, இல்லாவிட்டால் இல்லை. நன்றாக எழுதிக்கொண்டிருக்கும்போதே பெண்பிள்ளைகள் பாதியில் எழுந்து ஓடுகிறார்கள். மனு எழுதிக் கொடுத்தும் பார்த்தாயிற்று. இதற்கு யாரைப் பார்த்தால் காரியம் நடக்கும் என்று தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.