கல்லீரலில் கட்டி: செல்லப்பிராணி வளர்ப்போரின் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவரின் பதில்கள்

கேள்வி: டாக்டர், எங்கள் லாப்ரடாருக்கு 11 வயது. ஸ்கேனில் கல்லீரலின் இடப்பக்கம் பெரிய கட்டி ஒன்று தெரிகிறது. வயதாகிவிட்டது, விட்டுவிடலாம் என்கிறார்கள் வீட்டில்.

பதில்: தயவுசெய்து அதற்குள் முடிவெடுக்காதீர்கள். நாயின் கல்லீரலிலேயே உண்டாகும் புற்றுநோய்களில் ஈரல் செல்லில் தொடங்குவதுதான் அதிகம். அது ஈரலின் ஒரே மடலில் (பிரிவில்) ஒற்றைக் கட்டியாக வரலாம், பல மடல்களில் முடிச்சு முடிச்சாக வரலாம், ஈரல் முழுக்கப் பரவியும் வரலாம். ஒற்றைக் கட்டியே பெரும்பாலும் காணப்படுகிறது. அதிலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இடப்பக்க மடல்களில்தான். அங்கே இருந்தால் மடலோடு சேர்த்து எடுத்துவிடலாம். வலப்பக்கம் என்றால் பெரிய ரத்தக்குழாய் ஒட்டியிருப்பதால் ஆபத்து கூடும். ஒற்றைக் கட்டி இருந்த 48 நாய்களைப் பற்றி 2004இல் வந்த ஆய்வில், அறுவை செய்தவற்றின் இடைநிலை ஆயுள் (பாதி நாய்கள் தாண்டிய காலம்) 1,460 நாளுக்கும் மேல். செய்யாதவற்றுக்கு 270 நாள். அதனால்தான் இவ்வளவு வற்புறுத்திச் சொல்கிறேன். முதலில் நெஞ்சு எக்ஸ்ரே, ரத்தம் உறையும் சோதனை, முடிந்தால் சி.டி. ஸ்கேன் எடுங்கள். அப்புறம் அறுவை நிபுணரிடம் பேசுங்கள். வயது மட்டுமே தடையில்லை.

கேள்வி: கீமோ கொடுத்துப் பார்க்கலாமா சார்?

பதில்: ஈரல் செல்லில் தொடங்கும் இந்தப் புற்றுக்குக் கீமோவால் பெரிய பலன் கிடையாது.

கேள்வி: ரத்தப் பரிசோதனையில் ஏ.எல்.டி. என்ற ஈரல் நொதி கூடியிருக்கிறது. ஸ்கேனில் சின்னச் சின்ன முடிச்சுகள். எங்கள் நாய்க்குப் புற்றுநோய்தானா?

பதில்: அப்படிச் சொல்லிவிட முடியாது. வயதான நாய்களின் ஈரலில் தீங்கில்லாத முடிச்சுகள் சகஜம். வேறிடத்துப் புற்று ஈரலுக்குப் பரவியும் இருக்கலாம். ஸ்கேன் படம் இவற்றைப் பிரித்துக் காட்டாது. திசுவை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

கேள்வி: பூனைக்கும் இதே கணக்குதானா டாக்டர்?

பதில்: இல்லை. பூனைக்குப் பித்தநாளக் கட்டிகள் அதிகம். அவற்றில் நீர் நிறைந்த பை போன்ற கட்டிகள் பெரும்பாலும் சாதுவானவை, எடுத்தால் சரியாகிவிடும். பித்தநாளப் புற்று அப்படியல்ல, வேகமாகப் பரவும்.

கேள்வி: பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கை வாத்துக்குப் போடலாமா?

பதில்: கூடவே கூடாது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்ததற்குக் காரணம், பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் இருந்த அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு. ஒரேயடியாக அதிகம் போனால் ஈரல் அழுகும். கொஞ்சம் கொஞ்சமாகத் தொடர்ந்து போனால் வாத்துக்கு ஈரல் புற்றே வரும். கழுவினாலும் வேகவைத்தாலும் போகாது. மூட்டையோடு ஒதுக்கிவிடுங்கள், மாட்டுக்கும் வேண்டாம், நஞ்சின் ஒரு பகுதி பாலில் இறங்கும்.