இன்செல்பெர்க் என்றால் என்ன? நம் திருநெல்வேலிப் பக்கத்துப் பாறைக் குன்றுகளான பொத்தைகளை அப்படிச் சொல்லலாமா?

சொல்லலாம். ஆனால் கண்ணில் படும் எல்லாப் பொத்தைக்கும் அந்தப் பெயர் பொருந்தாது.

உங்கள் மகளின் கல்லூரிக் குறிப்பில் ‘இன்செல்பெர்க் = பாறைச் சிகரம், காற்று அரிப்பால் உருவாவது’ என்று இருப்பதாகவும், அப்படியானால் பொதிகைமலை உச்சியும் இன்செல்பெர்க்தானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியில் இரண்டு குழப்பம் இருக்கிறது.

முதலில் ‘சிகரம்’. சிகரம் என்றதும் நமக்கு உயரம்தான் நினைவுக்கு வரும். இன்செல்பெர்க் என்ற சொல்லுக்கு உயரம் ஒரு பொருட்டே இல்லை. சுற்றிலும் தட்டையான நிலம் இருக்க வேண்டும், அதிலிருந்து பாறை சட்டென்று எழும்பி நிற்க வேண்டும், வேறு மலையோடு தொடர்ச்சி இருக்கக் கூடாது. ஜெர்மன் நிலவியலாளர் வில்ஹெல்ம் போர்ன்ஹார்ட், இன்று தான்சானியாவாக இருக்கும் பகுதியில் இப்படிப்பட்ட குன்றுகளைப் பார்த்துவிட்டு 1900-இல் இந்தப் பெயரை வைத்தார். இன்செல் என்றால் தீவு, பெர்க் என்றால் மலை. சமவெளியைக் கடலாக நினைத்துக்கொண்டால் பெயர் சரியாக உட்கார்ந்துவிடும்.

என்னிடம் படிக்க வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் சோதனை ஒன்றுதான்: அதைச் சுற்றி வர முடியுமா? வள்ளியூர் சூட்டுப்பொத்தையை ஜனங்கள் கிரிவலம் வருகிறார்கள். சமதரையில் நடந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்துவிடலாம். பொதிகையை அப்படிச் சுற்ற நினைத்தால் கேரளாவுக்குள் இறங்கி, இன்னும் பத்து மலை ஏறி இறங்க வேண்டியிருக்கும். 1,800 மீட்டருக்கு மேல் உயரம் இருந்தும் அது மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓர் உச்சி, அவ்வளவுதான். மகேந்திரகிரியும் அப்படியே. திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்கு நான்குவழிச் சாலையில் போகும்போது வலது பக்கம் விடாமல் கூடவே வருவது தொடர். வயலுக்கும் உடைகாட்டுக்கும் நடுவே தனியாக நிற்கிறவைதான் நீங்கள் கேட்ட ஆட்கள்.

இரண்டாவது குழப்பம் காற்று. பள்ளிப் பாடங்களில் இன்செல்பெர்க்கைப் பாலைவனப் பகுதியில், காற்றின் வேலை என்ற தலைப்புக்குக் கீழே வைத்துவிடுகிறார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றையும் முப்பந்தல் காற்றாலைகளையும் பார்த்து வளர்ந்த நம் ஊர்ப் பிள்ளைகள் அதை அப்படியே நம்பிவிடுவார்கள். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிறோம், பாறையைச் செதுக்காதா? அவ்வளவு பெரிய குன்றைச் செதுக்கும் வேலை காற்றுடையது இல்லை, தண்ணீருடையது. அதுவும் பெரும்பாலும் மண்ணுக்கு அடியில் நடந்த வேலை.

எல்லாப் பாறையிலும் வெடிப்புகள் இருக்கும். சில இடத்தில் நெருக்கமாக, சில இடத்தில் தள்ளித் தள்ளி. மழைநீர் வெடிப்பு வழியே இறங்கி, பாறையிலுள்ள கனிமங்களை லட்சக்கணக்கான ஆண்டுகளாகக் களிமண்ணாக மாற்றுகிறது. வெடிப்பு நெருக்கமாக இருந்த இடமெல்லாம் ஆழம்வரை மக்கிப்போகும். வெடிப்பில்லாத பகுதி மட்டும் முழுக்கல்லாக உள்ளேயே கிடக்கும். பிறகு ஆறும் ஓடையும் அந்த மக்கிய மண்ணை வாரிக்கொண்டு போனதும் முழுக்கல் வெளியே தெரிய ஆரம்பிக்கிறது. ஆகவே பொத்தை ‘வளர்ந்தது’ இல்லை. சுற்றியிருந்த நிலம் இறங்கியது. எங்கள் மாமா ஒருவர் கல் உடைக்கிற வேலை பார்த்தவர். இதையெல்லாம் படிக்காமலே, “ஏல, இது ஒரே கல்லுல. வெடிப்பு இருந்தா எப்பவோ மண்ணாப் போயிருக்கும்” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்.

இதற்குக் கழுகுமலையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. இப்போது தூத்துக்குடி மாவட்டம். 1986-க்கு முன்பு நம் மாவட்டம்தான். அங்கே 8-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தில் மலையை மேலிருந்து கீழாக வெட்டியே வெட்டுவான் கோயிலைக் குடைந்திருக்கிறார்கள். நடுவில் ஒரு பெரிய வெடிப்பு வந்திருந்தால் விமானமே பிளந்திருக்கும். மழை கரைக்க முடியாமல் விட்ட அதே முழுக்கல்தான் சிற்பிக்கும் தேவைப்பட்டது. சமணச் சிற்பங்களும் அதே மலையில்தான் இருக்கின்றன.

இன்னொரு விஷயம். மேலே அழுத்திக்கொண்டிருந்த சுமை போனதும் பாறை லேசாக விரிந்து, மேற்பரப்புக்கு இணையாகத் தகடு தகடாகப் பிரியும். பொத்தைகள் கவிழ்த்துவைத்த சட்டி மாதிரி வழுவழுவென்று இருப்பதற்கு இதுதான் காரணம். பாறைமேல் தீமூட்டிச் சூடேற்றிப் பாளம் பாளமாகக் கல் எடுப்பது தென்னிந்தியாவில் பழைய முறை. அதுவும் இந்தக் குணத்தை நம்பித்தான்.

இன்செல்பெர்க் என்றால் கிரானைட் என்று சிலர் எழுதுகிறார்கள். அப்படிக் கட்டாயம் இல்லை. எல்லோரும் உதாரணம் காட்டும் ஆஸ்திரேலியாவின் உலுரு ஒரு மணற்பாறை. தரையிலிருந்து 348 மீட்டர். நம் பக்கம் நைஸ், சார்னோக்கைட் என்ற இரண்டு பாறை வகைகளும் அதிகம். கல் வியாபாரத்தில் இதையெல்லாம் கிரானைட் என்றே விற்பார்கள், அது வேறு கணக்கு. (சார்னோக்கைட் என்ற பெயர் கல்கத்தாவில் உள்ள ஜோப் சார்னாக் என்பவரின் கல்லறைக் கல்லிலிருந்து வந்தது. அந்தக் கல்லோ சென்னைப் பக்கத்துப் பாறை.)

பக்கத்து வீட்டுச் சொற்களையும் பிரித்துவைத்துக்கொண்டால் பரீட்சையில் மாட்ட மாட்டார். குவிமாடம்போல் வழுக்கையாக இருக்கும் இன்செல்பெர்க்குக்கு, பெயர் வைத்த போர்ன்ஹார்ட்டின் பெயரே வந்துவிட்டது. உருண்டைக் கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தால் டார். இங்கிலாந்தின் டார்ட்மூர் பகுதிச் சொல் அது. மொனாட்நாக் என்பது ஏறத்தாழ இன்செல்பெர்க்கேதான், அமெரிக்க வழக்கு. நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள ஒரு மலையின் பெயர். நுனாடக் பனிப்பாளத்துக்கு மேலே தலைநீட்டும் பாறை. ஹார்ன் பனியாறுகள் பல பக்கம் அரித்துக் கூர்மையாக்கிய உச்சி. கடைசி இரண்டுக்கும் நம் ஜில்லாவில் வேலையில்லை.

அப்புறம் பொத்தை. நம் பேச்சில் தனிக்குன்றும் பொத்தைதான், மலையடிவாரத்தில் தொடரோடு ஒட்டிய சிறு கரடும் பொத்தைதான், வெறும் கற்குவியலும் பொத்தைதான். முதலாவது மட்டுமே இன்செல்பெர்க். ரெவின்யூ பதிவேட்டில் இவற்றில் பலவும் ‘கல்லாங்குத்து’, ‘பாறை’ என்று புறம்போக்குக் கணக்கில் கிடக்கும். ஒன்றுக்கும் உதவாத நிலம் என்ற அந்த எண்ணமே பல பொத்தைகளை ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் மாற்றிக்கொண்டிருக்கிறது என்பது என் வருத்தம். வல்லநாட்டு மலையில் வெளிமான்களுக்குச் சரணாலயமே இருக்கிறது. உதவாத இடத்திலா அவை வாழ்கின்றன?

உங்கள் மகளை ‘பாறைச் சிகரம்’ என்பதை அடித்துவிட்டு ‘தனிக்குன்று’ என்று எழுதச் சொல்லுங்கள். காரணம் என்ற இடத்தில் காற்றுக்கு முன்னால் ஆழமான வேதிச் சிதைவையும், மக்கிய மண் அரித்துப்போவதையும் போடட்டும். உதாரணம் கேட்டால் உலுருவோடு கழுகுமலையையும் சேர்த்து எழுதலாம். எந்த ஆசிரியரும் மதிப்பெண் குறைக்க மாட்டார்.