800-ஐத் தாண்டாத செயலி: கர்னலைத் தொடும் முன் சார்ஜரைப் பாருங்கள்

கேள்வி: குடியாத்தத்தில் திருமண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுக்கிறேன். உபுண்டு லினக்ஸ் நிறுவிய இன்டெல் ஐ5 மடிக்கணினி. ஒரு மாதமாக, வீடியோவை ஏற்றுமதி செய்யும்போதுகூட வேகம் 800 மெகாஹெர்ட்ஸைத் தாண்டுவதில்லை. வேகத்தைக் கணிக்கும் கவர்னரை 'சிஸ்' கோப்பகத்தில் 'பெர்ஃபார்மன்ஸ்' என்று மாற்றிப் பார்த்தேன்; பலன் இல்லை. மறுநாள் அது 'பவர்சேவ்' என்று பழையபடி வந்து நின்றது. டிரைவரைத் திருத்திக் கர்னலைப் புதிதாகத் தொகுக்க வேண்டுமா? வைகாசி முகூர்த்தங்கள் வரிசையாக நிற்கின்றன.

பதில்: வேண்டாம். முகூர்த்த வேலையை வைத்துக்கொண்டு, இயங்குதளத்தின் மையமான கர்னலில் கை வைக்காதீர்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால், டிரைவர் தன் வேலையைச் சரியாகவே செய்கிறது என்று நினைக்கிறேன். அதன் பேச்சை வேறு ஏதோ ஒன்று மறிக்கிறது.

லினக்ஸில் வேகத்தைக் கவனிக்கும் பகுதிக்கு 'சிபியுஃப்ரெக்' என்று பெயர். எவ்வளவு வேகம் தேவை என்று கணிப்பது கவர்னர். அதைச் செயலிக்குச் சொல்வது டிரைவர். உங்கள் கணினியில் அது பெரும்பாலும் 'இன்டெல் பிஸ்டேட்' ஆக இருக்கும். 2013 முதல் கர்னலில் உள்ள டிரைவர் இது. ஆனால் டிரைவர் செய்வது விண்ணப்பம் மட்டுமே. 2015-இல் வந்த ஸ்கைலேக் தலைமுறை முதல், கீழ் வரம்பு, மேல் வரம்பு, விருப்பம் ஆகியவற்றை டிரைவர் எழுதிக் கொடுத்தால், அந்த எல்லைக்குள் வேகத்தைத் தேர்ந்தெடுப்பது செயலியே. அந்தச் செயலியையும் அடக்கி வைக்கும் அதிகாரம் வெப்பத்துக்கும் மின்சாரத்துக்கும் உண்டு.

'பவர்சேவ்' என்ற பெயரைக் கண்டு பதற வேண்டியதில்லை. பழைய 'ஏசிபிஐ சிபியுஃப்ரெக்' டிரைவரில் அந்தச் சொல்லுக்கு எப்போதும் குறைந்தபட்ச வேகம் என்று பொருள். இன்டெல் பிஸ்டேட்டில் அப்படியில்லை; வேலைச் சுமை ஏறினால் வேகமும் ஏறும். ஒரே சொல்லுக்கு இரண்டு டிரைவர்களில் இரண்டு பொருள் இருப்பதால் எத்தனையோ பேர் வீணாக அலைந்திருக்கிறார்கள்.

மாற்றம் மறுநாள் காணாமல் போனதற்கும் காரணம் எளிது. 'சிஸ்' கோப்பகத்தில் நீங்கள் திருத்தியது வட்டில் இருக்கும் கோப்பு அல்ல; கர்னல் தன் நினைவகத்திலிருந்து காட்டும் தோற்றம். கணினியை அணைத்தால் அழிந்துவிடும். நிரந்தரமாக வேண்டுமானால், உபுண்டுவின் அமைப்புகளில் உள்ள மின்சக்திப் பிரிவில் மாற்றுங்கள். மின்சக்தியைக் கவனிக்கும் 'டிஎல்பி' போன்ற இன்னொரு நிரலையும் நிறுவியிருந்தால் இரண்டில் ஒன்றை நீக்குங்கள். ஒன்று எழுதியதை மற்றொன்று அழித்துக்கொண்டே இருக்கும்.

இனி 800 விஷயம். ஏற்றுமதியை ஓடவிட்டு, 'சிஸ்' கோப்பகத்துக்குள் சிபியு0-வின் (செயலியின் முதல் கரு) சிபியுஃப்ரெக் கோப்பகத்தில் 'ஸ்கேலிங் கர் ஃப்ரெக்' கோப்பை வினாடிக்கு ஒருமுறை படியுங்கள். அளவு கிலோஹெர்ட்ஸில் வரும். 800000 என்றால் 800 மெகாஹெர்ட்ஸ். கணினி சும்மா இருக்கும்போது இந்த எண் வருவது இயல்பு. சுமையிலும் அசையாமல் நின்றால்தான் கோளாறு. பக்கத்திலேயே உள்ள 'ஸ்கேலிங் மேக்ஸ் ஃப்ரெக்', 'சிபியுஇன்ஃபோ மேக்ஸ் ஃப்ரெக்' இரண்டையும் ஒப்பிடுங்கள். முதலாவது மிகக் குறைவாக இருந்தால் ஏதோ ஒரு நிரல் வரம்பு போட்டிருக்கிறது. இரண்டாவதில் உள்ள எண்ணை முதலாவதில் எழுதினால் தீர்ந்தது.

இரண்டும் சமமாக இருந்தால், ஏற்றுமதி ஓடும்போதே சார்ஜரைப் பிடுங்குங்கள். வேகம் துள்ளி ஏறினால் குற்றவாளி சார்ஜர்தான். சென்ற கோடையில் வேலூரில் ஒரு அச்சக நண்பரின் கணினி இப்படித்தான் இருந்தது. சில நிறுவனங்களின் சார்ஜர் பிளக்கின் நடுவே ஊசி போல ஒரு முள் இருக்கும். 'நான் இத்தனை வாட் சார்ஜர்' என்று கணினிக்குச் சொல்வது அந்த முள். நண்பருடைய பிளக்கில் அது ஒருபுறமாக மடங்கிக் கிடந்தது. சார்ஜரை அடையாளம் காண முடியாத தாய்ப்பலகை (மதர்போர்டு), செயலிக்கு 'அடங்கு' என்று ஒரு சமிக்ஞையை விடாமல் அனுப்பிக்கொண்டிருந்தது. அதே நிறுவனத்தின் அசல் சார்ஜரைச் செருகிய மறுகணம் வேகம் 3 கிகாஹெர்ட்ஸைத் தாண்டியது. மின்கலமும் சார்ஜ் ஏறாமல் இருக்கிறதா என்று பாருங்கள்; இரண்டும் சேர்ந்து வந்தால் சந்தேகமே வேண்டாம். அந்தச் சமிக்ஞையையே செயலியில் அணைத்துவிடும் வழியும் இணையத்தில் சுற்றுகிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். பலகையில் உள்ள மற்ற பாகங்கள் சூடேறும்போது செயலியை எச்சரிப்பதும் அதே சமிக்ஞைதான்.

சார்ஜரைப் பிடுங்கியும் வேகம் ஏறாவிட்டால் வெப்பத்தைப் பாருங்கள். சிபியு0-வின் 'தெர்மல் த்ராட்டில்' கோப்பகத்தில் ஓர் எண்ணிக்கை இருக்கும். ஏற்றுமதியின்போது அது கூடிக்கொண்டே போனால் செயலி சூட்டினால் தன்னைக் குறைத்துக்கொள்கிறது. இன்டெல் மடிக்கணினிச் செயலிகள் பலவற்றுக்கு வரம்பு 100 டிகிரி. அக்னி நட்சத்திரத்தில் நம் பக்கம் 40 டிகிரியைத் தொடும் நாட்களில், மொட்டை மாடி அறையில் வைத்து வேலை செய்தால் அந்த வரம்பை எட்ட அதிக நேரம் ஆகாது. அப்போது 'பெர்ஃபார்மன்ஸ்' கவர்னர் உதவாது. விசிறித் தூசியைத் தட்டி, வெப்பப் பசையைப் புதிதாகப் பூசச் சொல்லுங்கள். ஏற்றுமதியை இரவுக்குத் தள்ளுங்கள்.

இவை எதிலும் பிடிபடாவிட்டால், பயாஸை (கணினியை எழுப்பும் அடிப்படை நிரல்) புதுப்பித்த பிறகு, சார்ஜர் இருக்கும்போதும் இல்லாதபோதும் வந்த எண்களையும், 'ஸ்கேலிங் டிரைவர்' கோப்பில் உள்ள பெயரையும், கர்னல் பதிப்பையும் குறித்து அனுப்புங்கள்.